பம்ப்பைக் கூட்டும் முன்னால் அந்தச் சின்னக் குழாயைப் பாருங்கள்

கேள்வி: குலசேகரத்தில் இருந்து பெரும்பாவூருக்கு ரப்பர் தடி ஏற்றி ஓட்டுகிறேன். வண்டி 2013 மாடல் டாடா 1613, கம்மின்ஸ் இன்ஜின், டீசலை இன்ஜினுக்குத் தள்ள பழைய மெக்கானிக்கல் பம்ப். நாலைந்து மாதமாக ஏற்றத்தில் இழுவை இல்லை. புகையும் பெரிதாக இல்லை. பக்கத்து மெக்கானிக், பம்ப்பின் சீலை உடைத்து டீசலைக் கூட்டித் தருகிறேன் என்கிறார். பாலிடெக்னிக் படிக்கும் என் மகன், அமெரிக்காவில் இதே கம்மின்ஸ் இன்ஜினில் பம்ப்பைக் கூட்டி ஆயிரம் குதிரைத்திறன் எடுக்கிறார்கள் என்று வீடியோ காட்டுகிறான். மார்த்தாண்டத்தில் ஒருவர், புதுப் புகை விதிப்படி கம்ப்யூட்டரோடு வந்த பி.எஸ்.6 வண்டி ஒன்றை விற்கிறார். கம்ப்யூட்டரை ரீமேப் பண்ணி, சைலன்சரில் உள்ள ஃபில்டரையும் எடுத்தாச்சு, பறக்கும் என்கிறார். கம்ப்யூட்டர் வண்டி மழையில் வழியில் நின்றுவிடும் என்று டிரைவர்கள் சொல்கிறார்கள். நான் என்ன செய்யட்டும், அண்ணாச்சி?

பதில்: தம்பி, போகிற போக்கில் "புகையும் பெரிதாக இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நாகர்கோவிலில் முப்பத்தைந்து வருடமாக டீசல் பம்ப் வேலை பார்க்கிற எனக்கு உங்கள் கடிதத்தில் அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது.

இழுவை குறைந்து கரும்புகையும் தள்ளினால், இன்ஜினுக்குக் காற்று போதவில்லை என்று அர்த்தம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருக்கும், இல்லையென்றால் டர்போ தேய்ந்திருக்கும். இழுவை குறைந்து புகையும் இல்லை என்றால் டீசல் போதவில்லை. உங்களுடையது இரண்டாவது. ஐந்து மாதத்துக்கு முன்பு வரை இதே பம்ப், இதே செட்டிங்கில், இதே தடி லோடை நிலமேல், சடையமங்கலம் ஏற்றங்களில் இழுத்துக்கொண்டுதானே போனது? அப்படியானால் செட்டிங்கில் குறை இல்லை. வழியில் எங்கேயோ டீசல் தடைபடுகிறது, அல்லது டீசலைக் கூட்டச் சொல்லும் தகவல் பம்ப்புக்கு வந்து சேரவில்லை.

தகவல் என்றால் கம்ப்யூட்டருக்குத்தான் என்று நினைப்போம். உங்கள் பழைய பம்ப்புக்கும் உண்டு. பம்ப்பில் வேகத்துக்கு ஏற்ப டீசலைக் கட்டுப்படுத்தும் பாகம் கவர்னர். அதன் மேலே வட்டமாக ஒரு தொப்பி இருக்கும். அதற்கு இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் பக்கத்தில் இருந்து மெல்லிய குழாய் ஒன்று வரும். டர்போ காற்றை அழுத்தத் தொடங்கியதும் அந்த அழுத்தம் குழாய் வழியாக வந்து, தொப்பிக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற சவ்வைத் தள்ளும். அது தள்ளினால்தான் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் என்ற கம்பி முழுத் தூரம் நகரும், முழு டீசல் போகும். காற்று வந்த பிறகே டீசலைக் கூட்டு என்று பம்ப்புக்குச் சொல்லும் ஏற்பாடு அது. அந்தக் குழாய் விரிசல் விட்டாலோ, டயஃப்ரம் கிழிந்தாலோ, டர்போ எவ்வளவு ஊதினாலும் பம்ப் காற்று வரவில்லை என்றே நினைத்து டீசலைக் குறைத்துத்தான் கொடுக்கும். புகை இல்லாமல் இழுவை போகும். நீங்கள் சொல்வது அப்படியே இதுதான்.

ஆகவே முதலில் அந்தக் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். அது சரியாக இருந்தால் டீசல் ஃபில்டர் இரண்டையும் மாற்றுங்கள். டேங்குக்குள் இருக்கும் சக்‌ஷன் பைப்பின் வலையைப் பாருங்கள். தடி வண்டியின் டேங்கில் மரத்தூளும் சேறும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. அப்புறம் டேங்கில் இருந்து டீசலை இழுத்துக்கொடுக்கும் பீட் பம்ப். அதற்கடுத்து, பம்ப்பில் இருந்து ரிட்டர்ன் போகும் இடத்தில் இருக்கும் ஓவர்ஃப்ளோ வால்வ். அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் பம்ப்புக்குள் அழுத்தம் நிற்காது, டீசல் திரும்பி டேங்குக்கே ஓடிவிடும். விலை அதிகம் இல்லாத சாமான். அது தளர்ந்ததற்காக முழுப் பம்ப்பையும் பிரித்துப் போட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். வால்வ் கிளியரன்ஸ், அதாவது இன்ஜின் வால்வுக்கு விடும் இடைவெளி, பார்த்து எத்தனை நாளாயிற்று? இந்த இன்ஜினுக்கு இன்டேக் 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.51 மில்லிமீட்டர். இதெல்லாம் பார்த்த பிறகும் இழுக்கவில்லை என்றால் மட்டும் பம்ப்பைக் கழற்றுங்கள்.

மகன் காட்டிய வீடியோவுக்கு வருகிறேன். அவன் சொல்வது பொய் இல்லை. டாடாவும் கம்மின்ஸும் 1993ல் கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் செய்யத் தொடங்கிய 5.9 லிட்டர் பி சீரிஸ் இன்ஜினும், அமெரிக்காவில் டாட்ஜ் ராம் பிக்கப்பில் 1989ல் இருந்து வந்த இன்ஜினும் ஒரே குடும்பம். அதில் 1994 முதல் 1998 பாதி வரை வந்த வண்டிகளுக்கு போஷ் பி7100 என்ற இன்லைன் பம்ப், அதாவது சிலிண்டருக்கு ஒன்றாக எலிமெண்ட் வரிசையாக நிற்கும் பம்ப். கம்பெனியில் இருந்து வரும்போது மாடலைப் பொறுத்து 160 முதல் 215 குதிரைத்திறன்தான். ஆனால் அந்தப் பம்ப்பின் உடம்பு பெரியது. டீசலைத் தள்ளும் எலிமெண்டும், அது வெளியேறும் டெலிவரி வால்வும் மாற்றி, ரேக்கின் தடுப்பைத் தேய்த்துவிட்டால் பல மடங்கு டீசல் தள்ளும். பாரம் இழுத்துக் காட்டும் போட்டிகளில் இன்றைக்கும் மெக்கானிக்கல் பம்ப்பை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒயர் கிடையாது, சென்சார் கிடையாது, ஒரே அடியில் நிறைய டீசல். அவர்களுக்கு அது போதும்.

அந்தப் பம்ப்புக்கு இவ்வளவு பெயர் வந்ததில் இன்னொரு சங்கதியும் உண்டு. 1998 பாதியில் அதே வண்டிக்கு வி.பி.44 என்ற எலக்ட்ரானிக் ரோட்டரி பம்ப்பைக் கொண்டுவந்தார்கள். பாதி பழசு, பாதி புதுசு. அந்தப் பம்ப்புக்குக் குளிர்ச்சியும் வழுக்கலும் டீசலில் இருந்துதான் கிடைக்கும். டேங்கில் இருந்து டீசலைத் தள்ளிக்கொடுக்கும் சின்ன லிஃப்ட் பம்ப் பலவீனமானால் பெரிய பம்ப்பும் கூடவே போய்விடும். நொந்துபோனவர்கள் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு பழைய பி7100ஐத் தேடி மாட்டினார்கள். 2003 மாடலில், முழுக்கக் கம்ப்யூட்டர் சொல்படி டீசலை விடும் காமன் ரெயில் வந்துவிட்டது. "கம்ப்யூட்டரை விட மெக்கானிக்கல்தான் நல்லது" என்ற பேச்சுக்கு, இடையில் வந்த அந்த ஒரு பம்ப்பும் ஒரு காரணம். அதை வைத்து இன்றைய காமன் ரெயிலை எடை போடக்கூடாது என்று மகனிடம் சொல்லுங்கள்.

அதே குடும்பத்து இன்ஜின்தானே, நாமும் கூட்டினால் என்ன? போட்டி வண்டி மூன்று டன் வாக்கில் இருக்கும் பிக்கப். 300 அடி தூரம் இழுப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். அதற்காக இரட்டை டர்போ, வேறு பிஸ்டன், வேறு கிளட்ச், சிலிண்டர் ஹெட்டை இறுக்கிப் பிடிக்க வேறு ஸ்டட் எல்லாம் போட்டிருப்பார்கள். உங்கள் வண்டிப் பெயரான 1613ல் 16 என்பது டன் கணக்கு, 13 என்பது 130 குதிரைத்திறன். டர்போ, ரேடியேட்டர், கிளட்ச், கிரவுன் எல்லாம் அந்தக் கணக்குக்குச் செய்தவை. காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டினால் முதலில் கொஞ்சம் இழுக்கும், கொள்ளாமே என்று தோன்றும். எரியாத டீசல் கரியாகப் போகும். மிச்சம் சூடாக மாறும். எக்ஸாஸ்ட் வாயுவின் சூடு 700 டிகிரி செல்சியஸை நெருங்கி அங்கேயே நின்றால் வண்டி அபாயத்தில் இருக்கிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், பிஸ்டன் அலுமினியம். அடியில் இருந்து இன்ஜின் ஆயில் பீய்ச்சிக் குளிர வைப்பதால்தான் அது உருகாமல் நிற்கிறது. பத்து விநாடிக்கு அந்தச் சூட்டைத் தாங்கும். தடி லோடோடு இரண்டாம் கியரில் ஐந்து நிமிடம் ஏறும்போது தாங்காது.

சில வருடத்துக்கு முன்பு தேங்காய்ப்பட்டணத்தில் இருந்து மீன் ஏற்றும் வண்டி ஒன்று என்னிடம் வந்தது. ஐஸ் உருகுவதற்குள் ஓட வேண்டும் என்று வெளியூரில் எங்கேயோ பம்ப்பைக் கூட்டியிருந்தார்கள். மூன்று மாதம் நன்றாகவே ஓடியிருக்கிறது. அப்புறம் நாலாவது சிலிண்டரில் பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்துவிட்டது. லோடு மீனும் போயிற்று. ஓட்டிவந்த பையன் அந்தப் பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு என் பெஞ்ச் பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். வட்டிக்கு வாங்கிய வண்டி. பம்ப்பைக் கூட்டச் சொல்லி யார் வந்தாலும் அந்த முகம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. புகைச் சோதனை விஷயமும் இருக்கிறது: உங்கள் மாதிரி பி.எஸ்.3 வண்டிக்கு புகையின் கறுப்பு அளவுக்கு எல்லை 65 எச்.எஸ்.யூ. கூட்டிய பம்ப்போடு தகுதிச் சான்று வாங்க எஃப்.சி.க்குப் போனால் திரும்பி வர வேண்டியதுதான்.

சரி, மெக்கானிக்கலுக்கும் கம்ப்யூட்டருக்கும் உண்மையில் என்ன வித்தியாசம் என்பதைச் சொல்கிறேன். உங்களுக்கும் மகனுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் வண்டியை இனி அவனும்தான் பார்க்கப்போகிறான்.

உங்கள் இன்ஜின் முழு லோடில் ஓடும்போது ஒரு சிலிண்டருக்கு ஒரு தடவை போகும் டீசல் ஏறக்குறைய ஒரு சொட்டு, ஒன்றரைச் சொட்டு. 2400 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் விநாடிக்கு 20 தடவை இப்படிப் போக வேண்டும். ஒரு தடவைக்குக் கிடைக்கும் நேரம், ஒரு விநாடியை ஆயிரமாகப் பங்கு போட்டால் அதில் இரண்டு பங்குகூட வராது. அதற்குள் அந்தச் சொட்டு பனி மாதிரி சிதறி, காற்றோடு கலந்து, எரிந்தாக வேண்டும். இந்த வேலையை இரும்பை மட்டும் வைத்து முடித்தவர்கள் நம் முன்னோடிகள். போஷ் 1927ல் இன்லைன் பம்ப்பை விற்பனைக்கு உற்பத்தி செய்யத் தொடங்கியது. 1951ல் அதன் இந்தியக் கம்பெனியாக மைக்கோ தொடங்கியது. இன்றைக்கும் நம் ஊர் பட்டறைகளில் எந்தப் பம்ப்பையும் மைக்கோ பம்ப் என்றுதான் சொல்கிறோம். எலிமெண்டுக்குள் ஏறி இறங்கும் பிளஞ்சரின் உடம்பில் சாய்வாக ஒரு வெட்டு இருக்கும். ரேக் அதைத் திருப்பினால் டீசல் கூடும், குறையும். அவ்வளவுதான் சூட்சுமம். முதல் முதலாக அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த நாளை நான் மறக்கவில்லை.

ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு, அது பிறவிக் குறை. பம்ப்பை இன்ஜின்தான் சுற்றுகிறது. இன்ஜின் வேகமாகச் சுற்றினால் பிளஞ்சர் வேகமாகத் தள்ளும், அழுத்தம் ஏறும், டீசல் நன்றாகச் சிதறும். ஏற்றத்தில் ஆர்.பி.எம். 1200க்கு இறங்கிவிட்டால் பிளஞ்சரும் மெதுவாகிவிடும், அழுத்தமும் இறங்கும், டீசல் தடித்த சொட்டாக விழும். அதாவது பலம் அதிகமாக வேண்டிய நேரத்தில்தான் பம்ப் பலவீனமாக இருக்கும். டீசலை விடும் நேரமான டைமிங்கும் அப்படித்தான். பெரும்பாலான லாரிப் பம்ப்பில் கியரில் ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். காலையில் குளிர்ந்த இன்ஜினுக்கும், மத்தியானம் கொதிக்கும் இன்ஜினுக்கும், வெறும் வண்டிக்கும் லோடு வண்டிக்கும் அதே டைமிங்.

காமன் ரெயிலில் அழுத்தம் உண்டாக்குவது, நேரம் பார்த்து டீசலை விடுவது என்ற இந்த இரண்டு வேலையையும் பிரித்துவிட்டார்கள். லாரியில் முதலில் வந்தது ஜப்பானில், 1995ல் ஹினோ ரேஞ்சர் வண்டியில், டென்சோ செய்து கொடுத்தது. பம்ப் அழுத்தத்தை உண்டாக்கி, ரெயில் என்ற தடித்த குழாயில் சேர்த்துவைக்கும். இன்ஜின் மெதுவாக ஓடினாலும் ரெயிலில் அழுத்தம் தயாராக நிற்கும். உங்கள் வண்டியில் டீசலைப் பீய்ச்சும் நாசில் திறப்பது 250 பார் அழுத்தம் வாக்கில். இன்றைய காமன் ரெயிலில் 1600, 1800, சிலவற்றில் 2000 பாருக்கு மேலேயும் நிற்கிறது. இன்ஜெக்டர் எப்போது திறக்கலாம், எவ்வளவு நேரம் திறக்கலாம் என்பதை இ.சி.யூ. என்ற கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. காற்று எவ்வளவு வந்தது, பெடல் எவ்வளவு மிதிபட்டது, தண்ணீர் எவ்வளவு சூடு, கிராங்க் எந்த இடத்தில் நிற்கிறது என்று எல்லாம் பார்த்துவிட்டுச் சொல்கிறது. ஒரே சொட்டை இரண்டாக, மூன்றாகப் பிரித்துக்கூட விடும். முதலில் கொஞ்சம் விட்டுத் தீயை மூட்டிவிட்டு, பிறகு மிச்சத்தை விடுவதால்தான் புது வண்டியில் அந்தக் கடகட சத்தம் கேட்பதில்லை. ஏற்றத்தில் குறைந்த ஆர்.பி.எம்.மில் அது இழுக்கிற இழுவையை எந்தப் பழைய பம்ப்பும் தராது. பழைய பம்ப்பிலேயே வளர்ந்தவன் நான், இருந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்படியென்றால் மழையில் நின்றுவிடும் என்கிறார்களே? இ.சி.யூ. பெட்டி நன்றாகவே அடைத்துத்தான் வருகிறது. நம் ஜில்லாவில் இரண்டு பருவமும் மழை பெய்யும், போதாததற்குக் கடல் காற்று. இதில் கெடுவது பெரும்பாலும் கனெக்டர்தான். அதன் உலோகப் பின்களில் பச்சைக் களிம்பு பிடித்து, சென்சார் சொல்வது இ.சி.யூ.வுக்குச் சரியாகப் போகாது. உடனே அது இன்ஜினைக் காப்பாற்ற பவரைக் குறைத்துவிடும். அப்புறம் நாமே வரவழைக்கும் கேடு இருக்கிறது. கூடுதல் லைட்டுக்கும் ஹாரனுக்கும் நல்ல ஒயரை வெட்டி ஒட்டுவது. தடி வண்டிக்காரர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: பக்கத்துக் கம்பம் விட்டுப்போனால் வழியில் கிடைத்த பட்டறையில் வண்டியை நிறுத்தி வெல்டு வைத்துவிடுவீர்கள். கம்ப்யூட்டர் வண்டியில் பேட்டரி டெர்மினலையும் இ.சி.யூ. கனெக்டரையும் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் இ.சி.யூ. போய்விடலாம்.

டீசல் சுத்தம் அதைவிட முக்கியம். காமன் ரெயில் இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளி இரண்டு, மூன்று மைக்ரான். நம் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. எஸ்டேட்டில் பேரலில் வைத்திருக்கும் டீசலை கேனில் பிடித்து ஊற்றும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிட வேண்டும். பேரல் மழைக்காலத்தில் தண்ணீர் கோர்க்கும். உங்கள் பழைய பம்ப்பும் அதனால் கெடும்தான், ஆனால் பையக் கெடும். காமன் ரெயில் சீக்கிரமே கெடும். ஆறு இன்ஜெக்டரும் மாற்ற வேண்டி வந்தால் செலவு லட்சத்தைத் தாண்டும். மாற்றிய பிறகு ஒவ்வொரு இன்ஜெக்டரின் கோட் நம்பரையும் ஸ்கேனர் வைத்து இ.சி.யூ.வில் ஏற்ற வேண்டும், வழியில் ஸ்பேனரோடு வருகிற ஆளால் முடியாது.

இன்னொன்று, இதை மகன் கண்டிப்பாகப் படிக்க வேண்டும். பழைய இன்ஜினில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே நாசில் பைப்பின் நட்டைத் தளர்த்திப் பார்ப்போம். நானும் ஆயிரம் தடவை செய்திருக்கிறேன். காமன் ரெயிலில் இதை ஒருபோதும் செய்யக்கூடாது. 1600 பாரில் பீய்ச்சும் டீசல் ஊசி மாதிரி தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே விரலையே எடுக்கும்படி ஆகிவிடலாம். கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கவும் கூடாது. இன்ஜினை நிறுத்தி, அழுத்தம் இறங்கக் காத்திருந்துதான் தொட வேண்டும்.

மார்த்தாண்டத்து வண்டியை வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. ரீமேப் என்றால் இ.சி.யூ.வில் கம்பெனி எழுதிவைத்த கணக்கை மாற்றுவது. டீசல் அளவு, ரெயில் அழுத்தம், டர்போ அழுத்தம் எல்லாம் மாறியிருக்கும். யார் மாற்றினார்கள், எவ்வளவு மாற்றினார்கள் என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. பழைய பம்ப்பில் சீல் உடைந்திருப்பது கண்ணுக்குத் தெரியும், இதில் அதுவும் தெரியாது. சைலன்சர் ஃபில்டரை எடுத்த வண்டி சட்டப்படி செல்லாது, பிடிபட்டால் மாட்டுவது அன்றைக்கு ஆர்.சி.யில் பெயர் இருப்பவர். அந்த ஃபில்டர் இழுவைக்கு எதிரி என்கிற பேச்சும் சரியில்லை. கரியைப் பிடித்துவைத்து, எக்ஸாஸ்டைச் சூடாக்கி அதை எரித்துவிடுகிறது. அதற்குத் தொடர்ந்து ஓடும் ஓட்டம் வேண்டும். குவாரிக்கும் யார்டுக்கும் இடையில் ஐந்து கிலோமீட்டர் ஓடி நிற்கும் டிப்பருக்கு அது தொல்லைதான். களியக்காவிளை தாண்டி எம்.சி. ரோட்டில் 200 கிலோமீட்டருக்கு மேல் ஒரே ஓட்டமாகப் போகும் உங்களுக்கு அது தொல்லை தராது.

ஆகவே என் யோசனை இதுதான். இந்த வண்டியை விற்க வேண்டாம், பம்ப்பையும் கூட்ட வேண்டாம். மேலே சொன்ன வரிசையில் பார்த்துச் சரிசெய்து ஓட்டுங்கள். வழியில் நின்றால் எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைக்க முடிகிற வண்டி அது. இரண்டாவது வண்டி வாங்கும் நாள் வந்தால் பி.எஸ்.6 வாங்குங்கள். யாரும் கை வைக்காத, சர்வீஸ் கணக்கு முழுதாக உள்ள வண்டியாகப் பாருங்கள். வாங்கும் முன் ஸ்கேனர் மாட்டி, இ.சி.யூ. ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் டீசலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தக் கணக்கு ஒன்றுக்கொன்று ஒட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியாத் திரவ டேங்கில் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்களா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

பம்ப்பைக் கழற்றத்தான் வேண்டும் என்று ஆனால், டெஸ்ட் பெஞ்ச் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். வேலை முடிந்ததும் சொன்னால் போதும் என்று வந்துவிடாதீர்கள், கேலிப்ரேஷன் நேரத்தில் மகனையும் கூட்டிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். பிளஞ்சர் ஆயிரம் தடவை தள்ளினால் இத்தனை சி.சி. என்று ஆறு கண்ணாடிக் குழாயில் டீசல் விழும். ஆறிலும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று அவனைக் குனிந்து பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நின்ற பிறகு சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.